யூயூசிபி காலத்தில் மெயில் போகும் வழியை யார் எழுதி வைத்தார்கள்?

காவேரிப்பட்டணம் கதிர்

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் கணினி லேப் பார்த்துக்கொள்கிறேன். இந்த செமஸ்டரில் நெட்வொர்க் பாடத்தில் ரூட்டிங் பகுதியை எடுக்கும் வேலையும் எனக்கு வந்திருக்கிறது. புத்தகத்தில் நாலு வட்டம் போட்டு, நடுவில் கோடு இழுத்து, கோட்டின் மேல் 2, 5, 7 என்று எண் எழுதி, டைக்ஸ்ட்ரா முறையில் குறைந்த செலவு வழியைக் கண்டுபிடி என்கிறார்கள். பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள், பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஊத்தங்கரையிலிருந்து வருகிற ஒரு பொண்ணு எழுந்து, "சார், இந்த 2, 5, 7 எல்லாம் யார் சார் எழுதுறாங்க? ஒரு ஊர் மெஷின் இன்னொரு ஊர் மெஷினுக்கு எந்த வழியா போகணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

சரி, ரூட்டர் பெட்டியே இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள் என்று காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிபடும் என்று தேடினேன். 1980களில் யூனிக்ஸ் மெஷின்கள் போன் லைனில் ஒன்றையொன்று கூப்பிட்டு மெயில் மாற்றிக்கொண்டன, அதற்கு யூயூசிபி என்று பெயர், முகவரியில் மெஷின் பெயர்களை ஆச்சரியக்குறி போட்டு வரிசையாக எழுதினார்கள் என்பது வரை கிடைத்தது. அதற்குப் பிறகு யூயூசிபி மேப் என்று ஒன்று வருகிறது, பாத்அலியாஸ் என்று ஒரு ப்ரோகிராம் வருகிறது, அங்கேதான் நிற்கிறேன். அந்த மேப்பை யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள், அத்தனை ஊர் மெஷின்களுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது, அதிலிருந்த எண்கள் எதைக் குறித்தன? அந்தக் காலத்தில் இதைக் கையால் தொட்டவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். லேபில் செய்து காட்டக்கூடியதாக ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.


ஓசூர் வரதன்

தம்பி கதிர், அந்தப் பொண்ணு சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் டைக்ஸ்ட்ரா போடுவதில் என்ன இருக்கிறது? 80களின் கடைசியில் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் யூனிக்ஸ் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது ஓசூரில் ஓய்வில் இருக்கிறேன். தெரிந்த வரை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். யூயூசிபி என்பது பெல் லேப்ஸில் மைக் லெஸ்க் எழுதியது, 1979ல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளியே வந்தது. அதற்கு வழி என்றால் என்னவென்றே தெரியாது. தனக்குத் தெரிந்த பக்கத்து மெஷினை மோடம் வழியாகக் கூப்பிடும், வைத்திருக்கும் ஃபைல்களைத் தள்ளும், அவர்கள் வைத்திருப்பதை வாங்கும், போனை வைத்துவிடும். பக்கத்து மெஷின்களின் பட்டியல் எல்.சிஸ் என்ற ஒரு ஃபைலில் இருக்கும். ஒரு மெஷினுக்கு ஒரு வரி: பெயர், எந்த நேரத்தில் கூப்பிடலாம், எந்த மோடம், 1200 போன்ற வேகம், போன் நம்பர், அப்புறம் எதிர்முனை என்ன கேட்டால் நாம் என்ன சொல்ல வேண்டும் என்பது. எதிர்முனை 'லாகின்:' என்று கேட்கும். அதில் முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எதிர்பார்க்கும்படி எழுதி வைப்போம். சில மெஷின் பெரிய எழுத்தில் கேட்கும், சில மெஷின் சின்ன எழுத்தில் கேட்கும், லைன் இரைச்சலில் முதல் எழுத்து அடிபட்டும் போகும், அதனால்தான். அந்த வரியின் கடைசியில் பாஸ்வேர்டு அப்படியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். ஆகவே அந்த ஃபைலை யாருக்கும் காட்ட முடியாது.

இங்கேதான் உங்கள் கேள்வி பிறக்கிறது. எனக்கு என் பக்கத்து மெஷின்களைத் தெரியும், அவர்களுக்கு அவர்கள் பக்கத்து மெஷின்களைத் தெரியும், முழுப் படம் எவரிடமும் இல்லை. ஆரம்பத்தில் மெயில் எழுதுகிறவரே வழியை எழுதினார். அ!ஆ!இ!பயனர் என்று எழுதினால் முதலில் அ-வுக்குப் போகும், அ தன் பெயரைக் கழற்றிவிட்டு மீதியை ஆ-வுக்குத் தள்ளும், இப்படியே போகும். மெயிலின் அடியில் கையெழுத்தாகத் தங்கள் முகவரியைப் போடுகிறவர்கள், எல்லோருக்கும் தெரிந்த பெரிய மெஷின் ஒன்றிலிருந்து தங்கள் மெஷினுக்கு வழி சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மெஷின் வரை நீங்களே வந்து சேருங்கள் என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் ஐஎச்என்பி4, டெக்வாக்ஸ், சைஸ்மோ, ஐரோப்பாவுக்கு ஆம்ஸ்டர்டாமில் இருந்த எம்சிவாக்ஸ், இப்படிச் சில பெயர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நம் நாட்டில் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க் 1986ல் தொடங்கிய பிறகு பம்பாய் என்சிஎஸ்டியில் சக்தி என்று ஒரு மெஷின் இருந்தது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வருகிற வழியில் யூயூநெட்!சக்தி! என்று அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

மெஷின் நூறு இருநூறு இருக்கும்போது இது போதும். ஆயிரக்கணக்கில் போனபோது மனப்பாடம் உதவாது. அப்போதுதான் மார்க் ஹார்ட்டன் போன்றவர்கள் முன்னின்று யூயூசிபி மேப் வேலையைத் தொடங்கினார்கள். முழுக்கத் தன்னார்வலர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும், அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பொறுப்பாளர். ஒவ்வொரு மெஷினின் நிர்வாகியும் தன் மெஷினைப் பற்றி ஒரு பதிவு எழுதி அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் சரிபார்த்துத் தன் வட்டார ஃபைலில் சேர்ப்பார். எல்லா வட்டார ஃபைல்களும் யூஸ்நெட் என்ற விவாதக் குழு வலையில் காம்ப்.மெயில்.மேப்ஸ் என்ற குழுவில் சுற்று முறையில் வந்துகொண்டே இருக்கும். வழி விவரமே அந்த வழியிலேயே பயணம் செய்து எல்லோருக்கும் போனது. அதற்கென்று தனி லைன் எதுவும் கிடையாது.

பதிவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியும் # என்ற குறியும் ஓர் எழுத்தும் போட்டுத் தொடங்கும். மெஷின் பெயர் ஒரு வரி, என்ன மெஷின் என்ன ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது ஒரு வரி, எந்த நிறுவனம், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், அவர் போன் நம்பர், தபால் முகவரி, அப்புறம் அட்சரேகை தீர்க்கரேகை. தர்மபுரி என்றால் 12 08 வடக்கு, 78 10 கிழக்கு என்று எழுதி, கட்டடத்தைத் துல்லியமாக அளக்காமல் ஊருக்குப் பொதுவாகப் போட்டது என்பதற்கு 'சிட்டி' என்று ஒரு சொல்லும் சேர்க்க வேண்டும். கடைசியாக இந்தப் பதிவைத் திருத்தியவர் பெயரும் தேதியும். எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது, தேதியைப் பார்த்தாலே அந்த விவரத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

இவை எல்லாம் மனிதர்கள் படிப்பதற்கு. ப்ரோகிராம் படிப்பது இவற்றுக்குக் கீழே: மெஷின் பெயர், அது கூப்பிடுகிற பக்கத்து மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு. அந்தச் செலவுதான் உங்கள் மாணவி கேட்ட எண். எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதற்காகச் சில சொற்களுக்கு எண் நிர்ணயித்திருந்தார்கள். ஒரே கட்டடத்து லோக்கல் நெட்வொர்க் என்றால் 25, தனி லைன் 95, உள்ளூர் கட்டணத்தில் நேராக டயல் செய்வது 200, தேவைப்படும்போது எஸ்டிடி போட்டுக் கூப்பிடுவது டிமாண்ட் 300, மணிக்கொரு முறை என்றால் ஹவர்லி 500, கட்டணம் குறைகிற இரவு நேரத்தில் மட்டும் என்றால் ஈவினிங் 1800, நாளுக்கு ஒரு முறை டெய்லி 5000, வாரத்துக்கு ஒரு முறை வீக்லி 30000.

பாருங்கள், இதில் கிலோமீட்டர் எங்கேயும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் அஞ்செட்டி எவ்வளவு தூரம் என்று கேட்கமாட்டான், அடுத்த வண்டி எப்போது என்றுதான் கேட்பான், அதே கணக்கு இது. இன்னொன்று, நாளுக்கு 24 மணி நேரம் என்றால் டெய்லி ஹவர்லியைப் போல 24 மடங்கு, அதாவது 12000 இருக்க வேண்டுமே, ஏன் 10 மடங்கு மட்டும் வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். 24 மடங்கு வைத்தால் ஒரு டெய்லி லைனைத் தவிர்ப்பதற்காக ப்ரோகிராம் பத்துப் பதினைந்து மெஷின் சுற்றிக்கொண்டு போகும். ஒவ்வொரு மெஷினிலும் டிஸ்க் நிறையலாம், மோடம் நின்று போகலாம், யாராவது லீவில் இருக்கலாம். கை மாறுவதற்கே ஒரு விலை உண்டு, அதையும் அந்த எண்ணுக்குள் வைத்தார்கள். அளந்து பார்த்த எண் என்று அதைச் சொல்ல முடியாது. நெட்வொர்க்கில் உழன்றவர்கள் யோசித்து வைத்த எண்.

பாத்அலியாஸ் செய்வது இந்த எல்லா ஃபைல்களையும் வாங்கி, உங்கள் மெஷினை நடுவில் வைத்து, டைக்ஸ்ட்ரா போட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் முழு வழியை எழுதித் தருவது. ஸ்டீவ் பெல்லோவினும் பீட்டர் ஹனிமேனும் செய்த ப்ரோகிராம், 1986ல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரையும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மேப், ஆனால் ஒவ்வொருவருக்கும் வருகிற விடை வேறு, ஏனென்றால் புறப்படுகிற இடம் வேறு. தெரிந்தவர் எழுதுகிறார், ஒருவர் தொகுக்கிறார், எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள், கணக்கை அவரவர் வீட்டில் போட்டுக்கொள்கிறார்கள். இந்த நாலையும் உங்கள் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மீதி ரூட்டிங் எல்லாம் தானாக வரும் என்பது என் நம்பிக்கை.


பாலக்கோடு நிலா

வரதன் சார் எழுதியது அருமை. நான் நெட்வொர்க் பாடம் எடுப்பவள், கதிர் சாருக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வகுப்பில் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

ஆர்பாநெட்டிலும் பொதுவாக வைத்துப் பராமரித்த ஒரு ஃபைல் உண்டு, ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட். கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அதை வைத்திருந்தது, எலிசபெத் ஃபைன்லர் அந்த மையத்தை நடத்தினார். புது மெஷின் வந்தால் அவர்களிடம் சொல்லிப் பெயர் பதிய வேண்டும், மற்றவர்கள் அந்த ஃபைலை இறக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் அதில் இருந்தது பெயரும் அதற்கான முகவரியும்தான், வழி இல்லை. வழியை ஐஎம்பி என்ற தனி மெஷின்கள் பார்த்துக்கொண்டன. அதனால்தான் யூயூசிபி மேப்பை ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட்டோடு ஒப்பிட்டால் பாதிதான் பொருந்தும். மேப் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தது.

வழி விவரம் ஐஎம்பிகளுக்குள் எப்படிப் போனது என்பதுதான் ருசியான இடம். 1969ல் தொடங்கிய முறையில் ஒவ்வொரு ஐஎம்பியும் தன் முழு அட்டவணையையும், அதாவது எந்த இடத்துக்கு என்னிடமிருந்து எவ்வளவு தாமதம் என்ற கணிப்பையும், பக்கத்து ஐஎம்பிகளுக்கு மட்டும் ஒரு செகண்டுக்கும் குறைவான இடைவெளியில் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தத் தாமதத்தை வாசலில் எத்தனை பாக்கெட் வரிசையில் நிற்கிறது என்பதை வைத்துக் கணித்தார்கள். வரிசை கணத்துக்குக் கணம் மாறும், எண்ணும் அலைபாயும். 1979ல் மெக்குவிலன், ரிச்சர், ரோசன் மூவரும் கொண்டுவந்த புது முறையில் இது தலைகீழானது. ஒவ்வொரு ஐஎம்பியும் தன் சொந்த லைன்களின் தாமதத்தை மட்டும் நிஜமாக அளந்து, 10 செகண்டுக்குச் சராசரி எடுத்து, மாற்றம் இருந்தால் நெட்வொர்க்கில் உள்ள அனைவருக்கும் சொல்லும். ஒவ்வொன்றும் முழுப் படத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு குறைந்த வழியைத் தானே கணக்குப் போடும்.

இப்போது வரதன் சாரின் கடைசிப் பத்தியை மறுபடி படியுங்கள். தன் பக்கத்து லைன்களைப் பற்றி மட்டும் சொல், அதை எல்லோருக்கும் சொல், கணக்கை அவரவர் போடட்டும். 1979 முறையும் யூயூசிபி மேப்பும் எலும்புக்கூட்டில் ஒன்றுதான். ஒன்றில் மெஷின் அளந்து செகண்டுகளில் பரப்பியது, இன்னொன்றில் மனிதர் எழுதி வாரக்கணக்கில் பரப்பினார். இன்றைக்கு நாம் நடத்துகிற ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் முறை இந்தக் குடும்பம்தான். அந்த மாணவிக்கு நேர் பதில் வேண்டுமென்றால் இப்படிச் சொல்லலாம்: எண்ணை எப்போதும் அந்தக் கோட்டின் ஒரு முனையில் இருக்கிறவர்தான் எழுதுகிறார், தூரத்தில் இருக்கிறவர் எழுதுவதில்லை.


காவேரிப்பட்டணம் கதிர்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நிலா மேடம் சொன்ன அந்தக் கடைசி வரியிலிருந்தே வகுப்பை ஆரம்பிக்கப் போகிறேன். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அடுத்த கேள்வி கேட்பார்கள், எனக்கே இப்போது வருகிறது. முனையில் இருக்கிறவர் தப்பாக எழுதிவிட்டால்? அல்லது வேண்டுமென்றே எழுதினால்? எல்லோரும் அதையே நம்பித்தானே கணக்குப் போடுகிறார்கள்?


தர்மபுரி அருள்

கதிர், நான் இங்கே தர்மபுரியில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், தினமும் ரூட்டர்களோடுதான் பொழுது. உங்கள் கேள்விக்கு ஆர்பாநெட்டிலேயே இரண்டு நல்ல உதாரணம் இருக்கிறது.

ஒன்று ஹார்வர்டில் இருந்த ஐஎம்பி. அதில் வழி அட்டவணை இருந்த நினைவகப் பகுதி பழுதாகி, எல்லா இடமும் பூஜ்யம் பூஜ்யம் என்று படித்தது. அதாவது என்னிடமிருந்து எந்த ஊருக்கும் தாமதமே இல்லை என்று பக்கத்து ஐஎம்பிகளுக்குச் சொன்னது. அவை நம்பி, தங்கள் பக்கத்து ஐஎம்பிகளுக்குச் சொல்ல, நெட்வொர்க்கில் இருந்த பாக்கெட்டெல்லாம் ஹார்வர்டுக்கு ஓடிப்போய் அங்கேயே அமிழ்ந்தன. பழைய முறையில் ஒருவர் மற்ற எல்லா இடங்களைப் பற்றியும் பேசுவதால், ஒருவரின் பொய் எல்லா இடங்களையும் பாதித்தது.

இரண்டாவது 1980 அக்டோபர் 27. புது முறை வந்த பிறகு நடந்தது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எல்லோருக்கும் பரப்புகிற செய்தியில் எது புதியது எது பழையது என்று தெரிய ஒரு வரிசை எண் வேண்டும். 6 பிட் கொடுத்திருந்தார்கள், 0 முதல் 63 வரை, முடிந்தால் மறுபடி 0. சுற்றி வருவதால் சின்ன எண் என்றால் பழையது என்று சொல்ல முடியாது. ஆகவே விதி இப்படி வைத்தார்கள்: ஓர் எண்ணிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் 32க்குள் இன்னொரு எண் வந்தால், அந்த இன்னொன்று புதியது.

ஒரு ஐஎம்பியின் நினைவகம் பிட்டுகளைத் தவறவிட, 50ஆம் ஐஎம்பியிலிருந்து வந்த செய்தி மூன்று வேஷத்தில் உலாவ ஆரம்பித்தது, வரிசை எண்கள் 44, 40, 8. பைனரியில் எழுதிப் பாருங்கள்: 101100, 101000, 001000. ஒவ்வொரு படியிலும் ஒரு 1 உதிர்ந்திருக்கிறது. இப்போது விதியைப் போடுங்கள். 40ஐ விட 44 புதியது. 8லிருந்து 40க்கு 32, ஆகவே 8ஐ விட 40 புதியது. 44லிருந்து முன்னோக்கிப் போனால் 63 தாண்டிச் சுற்றி 8க்கு 28தான், ஆகவே 44ஐ விட 8 புதியது! மூன்றும் ஒன்றையொன்று துரத்தின. ஒவ்வொரு ஐஎம்பியும் புதுச் செய்தி வந்துவிட்டது என்று பக்கத்தில் எல்லோருக்கும் அனுப்பியது, வேறு வேலையே ஓடவில்லை. நெட்வொர்க் பல மணி நேரம் படுத்துவிட்டது. ஒரு ஐஎம்பியை மட்டும் நிறுத்திக் கிளப்பினால் போதாது, பக்கத்து ஐஎம்பியிடம் அதே மூன்று செய்திகள் தயாராக இருக்கும். கடைசியில் 50ஆம் ஐஎம்பியிடமிருந்து வருகிற செய்தியை ஏற்காதே என்று ஒரு சின்னத் திருத்தத்தை ஐஎம்பிகளில் ஏற்றித்தான் மீட்டார்கள். எரிக் ரோசன் இதை ஆர்எஃப்சி 789 என்ற ஆவணத்தில் விலாவாரியாக எழுதியிருக்கிறார், எங்கள் வேலைக்கு வருகிற ஒவ்வொரு பையனிடமும் அதைப் படிக்கச் சொல்வேன். லைனில் போகும்போது செய்திக்குச் செக்சம் (பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனை எண்) பாதுகாப்பு இருந்தது, நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது இல்லை. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.


ஓசூர் வரதன்

அருள் தம்பி சொன்னது மெஷின் வேகத்தில் பரவிய தப்பு. மேப்பில் தப்பு வந்தால் மெதுவாகப் பரவும், ஆனால் மெதுவாகத்தான் நீங்கவும் செய்யும். ஒரு லைன் செத்துப்போய் மாசக்கணக்கான பிறகும் மேப்பில் உயிரோடு இருக்கும். அதற்காகத்தான் ஒவ்வொருவரும் பொது மேப்பின் மேல் தங்களுடைய சொந்தத் திருத்த ஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். இந்த மெஷின் செத்தது என்று 'டெட்' போட்டு அறிவிக்கலாம், இந்த லைனின் செலவை ஏற்றி வை என்று சொல்லலாம். பொதுவானதைக் கெடுக்காமல் தன் அளவில் திருத்திக்கொள்ளும் வசதி அது.

பொய் சொல்வதைத் தடுக்க ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. மேப்பில் ஒவ்வொரு கோடும் ஒரு திசைக் கோடு. உன்னிடமிருந்து வெளியே போகிறதை மட்டும் நீ எழுதலாம், உன்னிடம் வருகிறதை எதிர்முனைக்காரர்தான் எழுத வேண்டும். ஒருவர் தனக்குப் பெரிய பெரிய மெஷின்களோடு தொடர்பு இருப்பதாக எழுதி, அந்த மெஷின்களின் பதிவில் இவர் பெயரே இல்லையென்றால் பொறுப்பாளருக்கு உடனே கண்ணில் படும். அதே சமயம் இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கூப்பிட வசதி உள்ளவர் கூப்பிடுவார், இல்லாதவர் அவர்கள் கூப்பிடும் வரை மெயிலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அப்படிக் காத்திருப்பதற்குப் போல்டு என்று பெயர், செலவு 5000. பெங்களூரில் நாங்கள் எதிர்முனை கூப்பிடக் காத்திருந்து, இராத்திரி மோடம் விளக்கு எரிந்ததும் எழுந்து உட்கார்ந்து பார்ப்போம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி பெயர்தான். பழைய யூயூசிபியில் மெஷின் பெயரில் முதல் ஆறேழு எழுத்துதான் கணக்கில் எடுக்கும், பிடித்த பெயரை எல்லோரும் வைத்தார்கள், ஒரே பெயரில் இரண்டு மெஷின் வந்துவிடும். பாத்அலியாஸில் 'பிரைவேட்' என்று ஓர் அறிவிப்பு உண்டு, இந்த ஃபைலில் வருகிற இந்தப் பெயர் இந்த ஃபைலுக்கு மட்டும் என்று பொருள். அது வழி கணக்கைக் காப்பாற்றும், ஆனால் மெயிலை நடுவில் தொடுகிற மெஷின்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. சில மெஷின்கள், வருகிற மெயிலில் அனுப்பியவர் கைப்பட எழுதிய வழியைப் பார்த்துவிட்டு, எனக்கு இதைவிட நல்ல வழி தெரியும் என்று கடைசிப் பெயருக்குத் தங்கள் மேப்பை வைத்துப் புது வழி போட்டு அனுப்பின. ஒரு மெஷின் படுத்திருப்பது தெரிந்து சுற்றுவழி எழுதியிருப்பார் ஒருவர், அதைக் கழற்றிவிட்டு அந்தப் படுத்த மெஷினுக்கே அனுப்புவார்கள். அதே பெயர் கொண்ட வேறொரு மெஷினுக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. இதைப் பற்றி அப்போது நடந்த சண்டையில் நான் முழுக்க அனுப்பியவர் பக்கம். அவர் எழுதிய வழியை மாற்ற நடுவில் இருக்கிறவருக்கு உரிமை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மேப் தேவைப்படாமல் போனது டொமைன் பெயர்கள் வந்ததால். 1986ல் எம்எக்ஸ் பதிவு முறை வந்தது, இந்தப் பெயருக்கு வருகிற மெயிலை இன்ன மெஷினிடம் கொடு என்று எழுதி வைக்கலாம். இன்டர்நெட்டில் நேராக இல்லாத ஒரு யூயூசிபி மெஷினும் ஒரு டொமைன் பெயர் வாங்கிக்கொண்டு, தன் பக்கத்தில் இருக்கிற இன்டர்நெட் மெஷின் வழியாக மெயில் வாங்க முடிந்தது. முழு வழியை யாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. 1987ல் யூயூநெட் வந்து யார் வேண்டுமானாலும் காசு கட்டி இணையலாம் என்றானதும், நிறையப் பேருக்கு வழி என்பது யூயூநெட்டுக்கு அடுத்து நான் என்று சுருங்கிவிட்டது.

லேபில் செய்ய ஒரு பயிற்சி கேட்டீர்கள், சொல்கிறேன். ஐந்து பிள்ளைகளை ஐந்து ஊராக உட்கார வையுங்கள். தர்மபுரிக்காரர் எழுத வேண்டியது: கிருஷ்ணகிரி 500, பென்னாகரம் 500. கிருஷ்ணகிரி: தர்மபுரி 500, ஓசூர் 300. ஓசூர்: கிருஷ்ணகிரி 300, அஞ்செட்டி 1800. பென்னாகரம்: தர்மபுரி 500, அஞ்செட்டி 5000. அஞ்செட்டிக்காரர் தன் இரண்டு கோட்டையும் எழுதட்டும். ஒருவர் ஐந்தையும் தொகுத்து எல்லோருக்கும் பிரதி கொடுக்கட்டும். தர்மபுரியிலிருந்து அஞ்செட்டிக்கு வழி போடச் சொன்னால், ஒகேனக்கல் ரோடு பக்கத்தில்தானே என்று எல்லோரும் பென்னாகரத்தைக் காட்டுவார்கள். கூட்டிப் பார்த்தால் அந்த வழி 5500, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுற்றினால் 2600.

இது முடிந்ததும் ஓசூர்க்காரரிடம் அஞ்செட்டி லைன் செத்துவிட்டது என்று சொல்லித் தன் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். புது மேப்பைப் பென்னாகரத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள், அங்கே பழையதே இருக்கட்டும். தர்மபுரி புது மேப்பில் கணக்குப் போட்டுப் பென்னாகரம்!அஞ்செட்டி! என்று எழுதி அனுப்பும். பென்னாகரத்துப் பிள்ளை சீட்டில் எழுதியிருக்கிற அடுத்த பெயரை மட்டும் பார்த்துக் கொடுத்தால் மெயில் அடுத்த டெய்லி காலில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நடுவில் வழி மாற்றும் அதிகாரத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். அதன் பழைய மேப்பில் அஞ்செட்டிக்கு நேர் வழி 5000, தர்மபுரி திரும்பிப் போய்ச் சுற்றினால் 500, 500, 300, 1800 சேர்த்து 3100. அது மெயிலைத் தர்மபுரிக்கே திருப்பி அனுப்பும், தர்மபுரி மறுபடி பென்னாகரத்துக்கு அனுப்பும். எத்தனை முறை சுற்றிய பிறகு நிறுத்துவது என்று பிள்ளைகளையே ஒரு விதி எழுதச் சொல்லுங்கள், அடுத்த வகுப்புக்கு அது போதும்.


காவேரிப்பட்டணம் கதிர்

சார், வெள்ளிக்கிழமை லேபில் இதையேதான் செய்யப் போகிறேன், பென்னாகரத்துக்குப் பழைய மேப்போடு அந்த ஊத்தங்கரைப் பொண்ணையே உட்கார வைக்கிறேன். அருள் அண்ணா, அந்த 44, 40, 8 கணக்கையும் போர்டில் போடுகிறேன். பிள்ளைகள் எழுதுகிற விதிகளை இங்கேயே போடுகிறேன், மூன்று பேரும் பார்த்துச் சொல்லுங்கள்.